உடுப்புக் காயவில்லையா? காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்வோம்

வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் காலத்தில் காலையில் தோய்த்த சாரம் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். அதே சாரம் கார்த்திகை மாரியில் மூன்று நாள் கொடியில் கிடந்தாலும் ஈரமணம் போகாது. சொந்த வீடும் விறாந்தையும் இருந்தபோது இது பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை. தகரக் கொட்டிலிலும் தறப்பாள் கூடாரத்திலும் இருந்துகொண்டு வாழ்க்கையை மீண்டும் தொடங்கும் குடும்பத்துக்கு இது பெரிய பிரச்சினைதான். பிள்ளைக்கு ஒரு சோடிச் சீருடை மட்டும் இருந்து, அது காயாவிட்டால் பிள்ளை பாடசாலைக்குப் போகாது. ஈர உடுப்பை உடலில் போட்டால் படை, கடி வரும். பெற்சீற்றும் தலையணையும் பூஞ்சணம் பிடித்தால் இழுப்பு உள்ளவர்களுக்கு மூச்செடுப்பது கடினமாகும்.

வெயில் இல்லாததுதான் காரணம் என்று பலர் நினைக்கிறோம். வெயில் உதவும். ஆனால் உடுப்பிலுள்ள நீரை எடுத்துச் செல்வது காற்று. வெயில் குறைந்த நாளிலும் காற்றோட்டம் இருந்தால் உடுப்புக் காயும். ஆகவே முதலில் உங்கள் உடுப்பு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

1. கொடியில் போட்ட பின்னும் நீர் சொட்டுகிறதா?

அப்படியானால் பிழிந்தது போதாது. ஒரு லீற்றர் நீரை ஆவியாக்க, 1000 உவாற் அயன்பெட்டி ஒன்று ஏறக்குறைய 40 நிமிடம் தரும் சூடு வேண்டும். அதே ஒரு லீற்றர் நீரை இரண்டு பேர் சேர்ந்து சில நிமிடங்களில் பிழிந்து எடுத்துவிடலாம்.

பெற்சீற், சாரம், சேலை போன்றவற்றை இருவர் இரு முனையில் பிடித்து எதிரெதிராக முறுக்குங்கள். பின்பு பிரித்து, உதறி, மறுபடி ஒருமுறை முறுக்குங்கள். இரண்டாவது முறையிலும் நல்ல அளவு நீர் வரும். துவாய், தடித்த காற்சட்டை போன்றவற்றைப் பிழியுமுன் வாளியின் மேல் ஒரு தடியில் கால் மணி நேரம் வடிய விடுங்கள்.

சீருடைக்கு ஓர் எளிய வழி உண்டு. பிழிந்த சட்டையைக் காய்ந்த துவாயின் மேல் விரித்து, இரண்டையும் பாய் சுருட்டுவதுபோல் இறுகச் சுருட்டி அமத்துங்கள். துவாய் நீரை உறிஞ்சிக்கொள்ளும். இரவில் தோய்க்க வேண்டி வந்தால் இதைச் செய்யாமல் கொடியில் போடாதீர்கள்.

2. சொட்டு இல்லை, ஆனால் மறுநாளும் ஈரமாகக் கிடக்கிறதா?

அப்படியானால் காற்றோட்டம் போதாது. பத்தடி நீளம், பத்தடி அகலம், எட்டடி உயரமுள்ள மூடிய அறையொன்றை எடுத்துக்கொள்வோம். மாரிக் காலத்தில் அந்த அறையிலுள்ள காற்று ஏற்கெனவே ஈரமானது. அது மேலும் ஏற்கக்கூடியது சுமார் 100 மில்லி லீற்றர் நீர் மட்டுமே, அதாவது ஒரு சிறிய தேநீர்க் கோப்பை அளவு. கையால் பிழிந்த ஒரு பெற்சீற்றில் அதைவிடப் பல மடங்கு நீர் இருக்கும். ஆகவே கதவை மூடிக்கொண்டு உள்ளே கொடி கட்டினால் உடுப்பும் காயாது. சுவரும் பாயும் சேர்ந்து ஈரமாகும். தறப்பாளின் உட்பக்கத்தில் விடியற்காலையில் துளித்துளியாக நிற்பது இந்த நீர்தான்.

செய்ய வேண்டியவை:

• வீட்டுக்கு வெளியே, கூரை மட்டும் உள்ள சிறிய பந்தல் ஒன்று போடுங்கள். நான்கு கப்பும் இரண்டு மூன்று தகரமும் போதும். மாரி மழை பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கம் தகரத்தைப் பதித்து, பாதி உயரத்துக்குக் கிடுகு கட்டுங்கள். மற்றப் பக்கங்களைத் திறந்து விடுங்கள். காற்றுக்குப் பறக்காதபடி தகரத்தைக் கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள்.

• இரண்டு கொடிகளுக்கு இடையில் ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள். உடுப்புக்கும் உடுப்புக்கும் இடையில் ஒரு கை நுழைய வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று போட்டால் இரண்டுமே காயாது.

• பெற்சீற்றைச் சரிபாதியாக மடித்துப் போடாமல், ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் போடுங்கள். காற்சட்டையை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, இடுப்புப் பகுதியில் கவ்வி போட்டு விரித்துக் கட்டுங்கள். பொக்கற்றும் தையலும்தான் கடைசியில் காய்பவை.

• வீட்டுக்குள் காயவிடத்தான் வேண்டுமென்றால், எதிரெதிரான இரண்டு திறப்புகளையாவது திறந்து வையுங்கள். மின்சாரம் உள்ள வீட்டில் மின்விசிறியை உடுப்பின் பக்கம் திருப்பி விடுங்கள்.

• முட்கம்பியில் போட்டால் துருக்கறை பிடிக்கும். கிளுவை வேலியில் போட்டால் முசுறு ஏறும்.

3. காய்ந்த உடுப்பு இரவில் மறுபடி பிசுபிசுக்கிறதா?

இது உப்பின் வேலை. நந்திக்கடல் பக்கத்துக் கிணறுகள் சிலவற்றில் நீர் உவராக இருக்கும். அந்த நீரில் அலசினால் உப்பு துணியில் தங்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சவர்க்காரம் முழுதாக அலசப்படாவிட்டாலும் துணி பிசுபிசுக்கும்.

தோய்ப்பதையும் முதல் அலசலையும் கிணற்று நீரில் செய்யுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் மழை நீரைப் பயன்படுத்துங்கள். மழை தொடங்கியவுடன் வரும் நீர் கூரையைக் கழுவிப் போகட்டும். அதன் பின் வாளியில் பிடியுங்கள். சேமித்த மழை நீரை நுளம்பு புகாதபடி மூடி வையுங்கள்.

பழைய வோஷிங் மெசின் வைத்திருப்போருக்கு

மின் இணைப்புக் கிடைத்த பின் சில குடும்பங்கள் வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கிய, அல்லது உறவினர் கொடுத்த, இரண்டு தொட்டி மெசினைக் கொண்டு வருகிறார்கள். அதிலுள்ள சிறிய தொட்டி உடுப்பைச் சூடாக்குவதில்லை. வேகமாகச் சுற்றி நீரை வெளியேற்றுகிறது. நன்றாக வேலை செய்தால், கையால் பிழிந்த துணியில் உள்ள நீரில் பாதியளவே மிஞ்சும். பழைய மெசினில் துணி ஈரமாகவே வந்தால் இவற்றைப் பாருங்கள். எதைத் தொடுவதற்கு முன்பும் பிளக்கைக் கழற்றுங்கள்.

• நீர் போகும் குழாய்: அது மடிந்தோ, தொட்டியின் அடியைவிட உயர்ந்தோ இருந்தால் நீர் வெளியேறாது. குழாய்க்குள் நூல், தும்பு, மண் அடைத்திருக்கும். கழற்றிக் கழுவிப் பூட்டுங்கள். பழைய மெசின்களில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

• தடதடவென்ற சத்தம்: துணி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. நிறுத்தி, சுற்றிவர ஒரே அளவாக அடுக்கி, அதன் மேல் பிளாஸ்ரிக் அமுக்குத் தட்டை வையுங்கள். ஒரு தடித்த துவாயைத் தனியாகப் போடாதீர்கள்.

• மெதுவாகச் சுற்றுதல், எரிந்த மணம்: மூடியைத் திறந்தால் தொட்டியை நிறுத்தும் பிரேக் ஒன்று உண்டு. நெடுநாள் கிடந்த மெசினில் அதன் கம்பி துருப்பிடித்து, மூடிய பின்னும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். திருத்துநரிடம் காட்டுங்கள்.

• உறுமுகிறது, சுற்றவில்லை: மோட்டருக்குத் தொடக்க விசை கொடுக்கும் கொண்டளவி பழுதாகியிருக்கலாம். இது பிளக்கைக் கழற்றிய பின்னும் மின்னைத் தேக்கி வைத்திருக்கும். நீங்கள் கை வைக்க வேண்டாம்.

• மாலையில் மட்டும் மெதுவாகச் சுற்றுகிறது: எல்லா வீட்டிலும் விளக்கு எரியும் நேரத்தில் 230 வோல்ற் முழுதாகக் கிடைக்காமல் போகலாம். குமிழ் மங்கலாக எரிந்தால் அதுவே அடையாளம். பகலில் சுற்றுங்கள்.

மழையில் நனைந்த, வெள்ளத்தில் நின்ற, பல ஆண்டு பூட்டிக் கிடந்த மெசினைத் திருத்துநர் பார்க்காமல் மின்னில் தொடுக்காதீர்கள். தொட்டால் சுர்ரென்று இழுத்தால், அல்லது ட்ரிப் சுவிற்ச் திரும்பத் திரும்ப விழுந்தால், உடனே பாவனையை நிறுத்துங்கள். தொட்டி முற்றாக நிற்கும்வரை கையை உள்ளே விடாதீர்கள். சுற்றும் துணி விரலையும் கையையும் முறுக்கிவிடும். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.

வெளிநாட்டு உறவினர் சூடான காற்றால் உலர்த்தும் மெசின் அனுப்ப விரும்பினால் யோசியுங்கள். அது பொதுவாக 2000 முதல் 3000 உவாற் வரை இழுக்கும். சிறிய ஜெனரேற்றர் அதைத் தாங்காது, மின்கட்டணமும் ஏறும்.

உயிராபத்து உள்ளவை

• கொடிக்குக் கயிறு வாங்குங்கள். காணியில் கிடக்கும் வயரையோ கம்பியையோ இழுத்து எடுக்காதீர்கள். அதன் மறுமுனையில் வெடிபொருள் இருக்கக்கூடும். மிதிவெடி அகற்றப்பட்டது என்று அறிவிக்கப்படாத இடத்தில் கப்பு நடக் கிடங்கு வெட்டாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

• மின்கம்பத்திலும் அதன் இழுகம்பியிலும் கொடி கட்டாதீர்கள். வீட்டுக்கு வரும் மின்வயரின் கீழும் கட்டாதீர்கள்.

• மூடிய கொட்டிலுக்குள் கரிச்சட்டி வைத்து உடுப்பைக் காயவிடாதீர்கள். கரி எரியும்போது மணமும் நிறமும் இல்லாத காபனோரொட்சைட்டு வாயு வரும். நித்திரையில் இருப்பவர் எழும்பாமலே போகலாம்.

• அடுப்புக்கு மேலோ, குப்பி விளக்குக்குக் கிட்டவோ உடுப்புத் தொங்கக்கூடாது. குறைந்தது ஒரு மீற்றர் தள்ளியிருக்க வேண்டும். தறப்பாளில் தீ பிடித்தால் அணைக்க நேரம் கிடைக்காது.

பெண்களுக்கும் தாய்மாருக்கும்

மாதவிடாய்த் துணியை மற்ற உடுப்புகளுக்குக் கீழே மறைத்துக் காயவிடுவது வழக்கம். ஆனால் மறைவில் அது சரியாகக் காயாது. ஈரமான துணியில் கிருமி வளரும். அரிப்பும் தொற்றும் வரும். சவர்க்காரமிட்டு நன்றாக அலசி, வெயிலும் காற்றும் படும் இடத்தில் காயவிடுங்கள். குளிக்கும் மறைப்புக்குள் வெயில் விழும் பக்கம் தனிக் கொடி ஒன்று கட்டலாம். வெளியே தெரிவது சங்கடமானால் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை மேலே விரியுங்கள். அதனூடாகக் காற்றுப் போகும். முழுதாகக் காய்ந்ததைத் தொட்டுப் பார்த்த பின்பே மடித்து வையுங்கள். குழந்தையின் அணையாடைக்கும் இதே முறைதான்.

வீட்டில் ஒருவருக்குச் சொறி, சிரங்கு வந்தால் அவருடைய உடுப்பு, பெற்சீற், துவாய் எல்லாவற்றையும் கொதிநீரில் தோய்த்து நல்ல வெயிலில் காயவிடுங்கள். தோய்க்க முடியாதவற்றை பிளாஸ்ரிக் பையில் இறுகக் கட்டி, ஒரு கிழமை யாரும் பாவிக்காமல் வையுங்கள். மருந்துக்கு அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து பூச வேண்டும்.

மாரி தொடங்குமுன்

புரட்டாதியில் நல்ல வெயில் இருக்கும்போதே பந்தலைப் போட்டு, கயிற்றை மாற்றி, பாய், தலையணை, போர்வைகளை வெயிலில் போட்டு எடுங்கள். மாரியில் எல்லா உடுப்பையும் ஒரே நாளில் தோய்க்காமல், நாளுக்குக் கொஞ்சமாகத் தோய்த்து, முதலில் சீருடைக்கு இடம் கொடுங்கள். வெள்ளி பாடசாலை விட்டு வந்தவுடன் சீருடையைத் தோய்த்தால் அது காய இரண்டு முழு நாள் கிடைக்கும். தகரம் வாங்க வசதியில்லாத நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பொதுப் பந்தல் போட விரும்பினால், உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கோ சொல்லுங்கள். எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் கிராமத்துக்கு வரும்போது அவரிடமும் கேட்கலாம்.