செல்லடிக்குள் வராத பிறசர் இப்போது ஏன் வருகிறது?

எங்கள் மாதாந்தக் கூட்டங்களில் குருதியமுக்கம் பற்றிப் பேச்செடுத்தால் ஐம்பது வயது தாண்டிய அம்மாமார் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “பிள்ளை, செல்லடிக்குள்ள ஓடித்திரிஞ்சம். பங்கருக்குள்ள கிடந்தம். முள்ளிவாய்க்கால் மட்டும் நடந்தம். அப்ப வராத பிறசர், இப்ப ஆறுதலா இருக்கேக்க ஏன் வரப்போகுது?”

இதைச் சிரித்துக்கொண்டு விட்டுவிட முடியாது. இந்தக் கணக்கை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவர் பாரிசவாதத்தில் விழுந்தார். அவரைத் தூக்கி இருத்துவதற்காகப் பேத்தி பாடசாலையை விட்டு நின்றுவிட்டாள்.

நான் சமூகவியல் படித்தவள், வைத்தியர் அல்ல. வைத்தியர்களிடம் கேட்டும், வாசித்தும் விளங்கிக்கொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அப்போது பிறசர் வரவில்லை என்று யார் அளந்து பார்த்தது? பலருக்கு அது எந்த அறிகுறியும் காட்டாத வருத்தம். ஆனாலும் அம்மாமாரின் கேள்வியில் உண்மை இல்லாமல் இல்லை. இளம் பெண்ணின் நாடி பயத்தை வாங்கிக்கொள்ளும் விதம் வேறு, ஐம்பது கடந்தவரின் நாடி வாங்கிக்கொள்ளும் விதம் வேறு.

பயம் வந்ததும் உடலில் அதிரனலின், நோரதிரனலின் என்ற பொருட்கள் சுரக்கின்றன. அவை திறப்புகள் மாதிரி. நாடிச் சுவரிலுள்ள தசைக்கலங்களில் அவற்றுக்குப் பொருந்தும் பூட்டுகள் உண்டு. விஞ்ஞானப் புத்தகங்களில் இவற்றுக்கு ‘வாங்கிகள்’ என்று பெயர். அல்பா வாங்கியில் திறப்பு விழுந்தால் கலத்துக்குள் கல்சியம் கூடி, தசை இறுகி, நாடி ஒடுங்கும். பீற்றா வாங்கியில் விழுந்தால் நாடி தளரும். ஒரே செய்தி, எந்தப் பூட்டு என்பதைப் பொறுத்து விளைவு நேர்மாறாகிறது.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இளம் ஆண்கள், இளம் பெண்கள், மாதவிடாய் நின்ற பெண்கள் என்று மூன்று பகுதியினரைப் பரிசோதித்தார்கள். மருந்து கொடுத்துப் பீற்றா வாங்கிகளை மூடியதும், இளம் பெண்களின் கையிலுள்ள நாடிகள் நோரதிரனலினுக்கு முன்னரைவிடக் கூடுதலாக ஒடுங்கின. மற்ற இரு பகுதியினரிடமும் அந்த மாற்றம் இல்லை. அதாவது இளம் பெண்ணிடம் இறுக்கும் கை ஒன்றும் தளர்த்தும் கை ஒன்றும் சேர்ந்தே வேலை செய்கின்றன. மாதவிடாய் நின்றபின் தளர்த்தும் கை ஓய்ந்துபோகிறது. அத்தோடு நாடிச் சுவரும் வயதோடு விறைக்கிறது. குருதியில் நோரதிரனலினின் அளவும் வயதோடு கூடுகிறது. கருப்பையோடு சூலகங்கள் இரண்டையும் எடுத்தவர்களுக்கு மாதவிடாய் நிறுத்தம் உடனேயே வந்துவிடுவதால், அவர்கள் ஐம்பது வயது வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆக, 2009இல் முப்பத்தைந்து வயதாக இருந்த ஒருவருக்கு இன்று அதே நாடி இல்லை. மனம் ஆறியிருக்கலாம், பூட்டுகள் மாறிவிட்டன.

அடுத்தது ஒட்சிசன். கலிபோர்னியாவில் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் லோரன்ஸ் லோங்கோவும் அவருடைய குழுவினரும் செம்மறியாடுகளைச் சுமார் 3,800 மீற்றர் உயரமான மலையில் 110 நாட்களளவு வைத்திருந்தார்கள். நமது பீதுருதாலகால மலையே 2,524 மீற்றர்தான். அந்த உயரத்தில் காற்றில் ஒட்சிசன் குறைவு. பின்னர் மூளை நாடிகளைப் பரிசோதித்தபோது அல்பா வாங்கிகளின் எண்ணிக்கை குறைந்திருந்தது. வளர்ந்த ஆடுகளில் மட்டுமல்ல, வயிற்றிலிருந்த குட்டிகளிலும் அப்படியே. மூளைக்குப் போகும் குருதி தடைப்படாதிருக்க உடல் பூட்டுகளைக் கழற்றி வைத்ததுபோல எனக்குத் தோன்றுகிறது. வயிற்றிலுள்ள பிள்ளை எப்போதுமே குறைந்த ஒட்சிசனில்தான் வளர்கிறது என்பதும் இதை வாசித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கேம்பிரிட்ஜ் உடற்றொழிலியலாளர் ஜோசப் பார்குரொப்ட் கருப்பையை எவரெஸ்ட் மலைக்கு ஒப்பிட்டிருக்கிறார்.

“அப்படியென்றால் ஒட்சிசன் குறைவது நல்லதுதானே” என்று ஒரு சகோதரி கேட்டார். இல்லை. மலையில் குறைவு ஒரே சீராக இருக்கிறது, உடல் மெல்லப் பழகுகிறது. எங்கள் வீடுகளில் அது வந்து வந்து போகிறது. பலத்த குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று, திடுக்கிட்டு எழுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் ஒட்சிசன் இறங்குகிறது. நரம்புகள் பதறி நோரதிரனலினைக் கொட்டுகின்றன. அந்தப் பதற்றம் விடிந்த பின்னும் தொடர்ந்து பகலிலும் அமுக்கத்தை உயர்த்துகிறது. கெட்ட கனவு என்று நினைத்து இதைச் சொல்லாமல் விடுபவர்கள் எங்களிடையே அதிகம். கெட்ட கனவாகவும் இருக்கலாம், ஆனால் வைத்தியரிடம் சொன்னால்தானே தெரியும்.

விறகடுப்புப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு ஒட்சிசனை விட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தகரக் கொட்டிலுக்குள் சமைக்கிறவர்கள் பின்பக்கத் தகரம் ஒன்றைக் கழற்றி விட்டாலே புகை போக வழி கிடைக்கும்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் 35 வயது கடந்த பெண்களுக்காக நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் அமுக்கத்தை இலவசமாக அளந்து பார்க்கிறார்கள். திரும்பத் திரும்ப அளந்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் நின்றால் வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பக்கத்து வீட்டு அக்காவின் மாத்திரையைக் கடன் வாங்கிப் போடும் பழக்கம். பிறசர் மாத்திரை எல்லாம் ஒன்றல்ல. பிரசோசின் அல்பா வாங்கியை மூடுகிறது. முதல் மாத்திரை போட்டவர் படுக்கையிலிருந்து சட்டென எழும்பினால் தலைசுற்றி விழக்கூடும். புரொப்பிரனலோல் பீற்றா வாங்கியை மூடுகிறது. மூச்சுக்குழாயைத் தளர்த்தி வைத்திருப்பதும் பீற்றா வாங்கிதான் என்பதால், தொய்வு உள்ளவர் அதைப் போட்டால் மூச்சே அடைத்துவிடலாம். கிளினிக்குக்குப் போகும்போது கொப்பியோடு வீட்டிலிருக்கும் மாத்திரைகள் அத்தனையையும், கடன் வாங்கியவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.