கார்த்திகை மாசத்துக் கோடையில் எங்கே போகலாம்?

மக்களே, ஒருவழியா ஆணி பிடுங்கி முடிச்சாச்சு. கடைசி அசைன்மென்டை ராத்திரி 11.58க்கு ஏத்திட்டு, மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூங்கினேன். எழுந்து பார்த்தா மெல்பனில் கோடை வந்திருக்கு. இங்கே டிசம்பர் 1தான் கோடையின் முதல் நாள்.

இது எங்க அம்மாவுக்கு இன்னும் பிடிபடலை. "ஏல, கார்த்திகைப் பனி பொல்லாதது, தலையில துண்டு கட்டிக்கோ"ங்கிறாங்க. "அம்மா, இங்க வெயிலுக்குத்தான் கிரீம் பூசிட்டு இருக்கேன்"னு சொன்னா, "யார்கிட்ட கதை விடுத?" பூமியோட சாய்வை விளக்க ஆரம்பிச்சேன். அதுக்குள்ள சீரியல் போட்டுட்டாங்க :-)

சரி, மேட்டருக்கு வருவோம். வீட்டில் நாங்க மூணு பேர். ரெண்டு நாள் எங்கேயாவது போகணும். 2023 ஜூலையிலிருந்து மாணவர் விசாவில் படிப்பு நடக்கும்போது ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். லீவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால ஊர் சுத்துற ஒவ்வொரு நாளும் ஒரு ஷிப்ட் சம்பளம் போச்சு. அதுக்காகத் தள்ளிப் போடவும் முடியாது. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டதும் ரூம் வாடகை எகிறிடும். ஆக, டிசம்பர் முதல் ரெண்டு வாரம்தான் நமக்கு.

எங்க சமையலறை வட்டமேஜை மாநாட்டில் வந்த யோசனைகள்:

1. உலுரு. போஸ்டரில் பார்க்கிற அந்தச் செக்கச்சிவந்த பாறை. டிசம்பரில் அங்கே வெயில் 35 டிகிரியைச் சாதாரணமா தாண்டும். விடியறதுக்குள்ள கிளம்பி, வெயில் ஏறுறதுக்குள்ள நடந்து முடிச்சிடணும். மேலே ஏறுறது 2019 அக்டோபர் 26லிருந்து தடை. அந்த மண்ணின் சொந்தக்காரர்களான அனங்கு மக்களுக்கு அது புனிதமான இடம், ரொம்ப வருஷமா ஏறாதீங்கன்னு கேட்டுட்டு இருந்தாங்க. குளிர்காலத்துக்கு ஒத்தி வைத்தோம்.

2. கெய்ர்ன்ஸ், பவளத்திட்டு. வடக்கே இது மழைக்காலம் ஆரம்பிக்கிற நேரம். நவம்பரிலிருந்து மே வரைக்கும் கடலில் கொடிய விஷ ஜெல்லிமீன் வேற. ஜூன், ஜூலைதான் தோது.

3. சிட்னி பக்கம் புளூ மவுன்டன்ஸ். தமிழில் சொன்னா நீலகிரி! சிட்னியிலிருந்து ரெண்டு மணி நேர ரயிலில் கட்டூம்பா. நம்ம ஊட்டியில் நிற்கிற யூகலிப்டஸுக்கு இந்த நாடுதான் தாய்வீடு, அதனால வாசனைகூடப் பழகினதுதான். ஆனா மெல்பனிலிருந்து சிட்னிக்கே ரயிலில் 11 மணி நேரம். ரெண்டு நாளில் போய்வர முடியாது.

4. கிரேட் ஓஷன் ரோடு. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், இறந்துபோன தோழர்களின் நினைவாக 1919லிருந்து 1932 வரை போட்ட சாலை. 'பன்னிரண்டு அப்போஸ்தலர்' பாறைகள் இந்தச் சாலையில்தான். பேர்தான் பன்னிரண்டு, என்னைக்கும் அத்தனை இருந்ததில்லை. 2005 ஜூலையில் ஒண்ணு இடிஞ்சும் விழுந்துடுச்சு. ஜீலாங் வரைக்கும் ரயில், அங்கிருந்து லோர்ன், அப்பல்லோ பே ஊர்களுக்கு பஸ். 2023 மார்ச் கடைசியிலிருந்து வெளியூர் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மெல்பன் நகரத்து ஒருநாள் கட்டணம்தான் உச்சவரம்பு. மாணவனுக்கு இதைவிட என்ன வேணும்?

நாலாவதுதான்னு முடிவாச்சு. அடுத்து எந்தக் கிழமை? நான் "புதன், வியாழன், கூட்டம் இருக்காது, ரூம் சல்லிசு"ன்னேன். ஈரோட்டுக்காரன் அதுவரைக்கும் வாயே திறக்கலை. "சனிக்கிழமைன்னா வர்றேன், இல்லாட்டி நீங்க போயிட்டு வாங்க"ன்னான்.

காரணம் எங்க மூணு பேருக்கும் தெரியும். போன கோடையிலும் இப்படித்தான் சல்லிசுன்னு ஒரு வாரநாளில் ஒரு கடற்கரைக்குப் போனோம். ஈ காக்கா இல்லை. ரெண்டு பக்கமும் அலை, நடுவில் மட்டும் தண்ணி அமைதியா, கொஞ்சம் கருப்பா இருந்தது. வாய்க்காலில் நீச்சல் பழகின தைரியத்தில் அவன் அந்த இடமாப் பார்த்து இறங்கினான். ரெண்டே நிமிஷத்தில் தலை சின்னதாகிப் போச்சு. நான் கரையில் நின்னு கத்தினேன், வேற எதுவும் செய்யத் தெரியலை. பலகையோடு போன ஒரு புண்ணியவான் கொண்டு வந்து சேர்த்தார். மூணு பேர் வீட்டுக்கும் இன்னைக்கு வரைக்கும் இது தெரியாது.

அப்புறம்தான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அலை கரைக்குக் கொண்டுவந்த தண்ணி திரும்பிப் போக ஒரு பள்ளமான வழியைத் தேடும். அந்த வழியில் அலை உடையாது, அதனாலதான் பார்க்க அமைதியா இருக்கும். உண்மையில் அது கடலுக்குள் இழுக்கிற ஆறு. மாட்டிக்கிட்டா கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக்கூடாது, களைச்சுத்தான் போவோம். மிதந்துக்கிட்டே கையைத் தூக்கிக் காட்டணும். தெம்பிருந்தா கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வரணும். 2024 ஜனவரி 24 அன்னிக்கு பிலிப் தீவில் இந்தியக் குடும்பத்தினர் நாலு பேர் கடலில் போனாங்களே, அதுவும் காவல் இல்லாத கரைதான்.

மெரினாவில் காணும் பொங்கலுக்குப் போலீஸ் தடுப்புக் கட்டி நம்மைக் கடலில் இறங்க விடமாட்டாங்க. இங்கே யாரும் தடுக்கிறதில்லை. சிவப்பு மஞ்சள் கொடி ரெண்டை நட்டு, நடுவில் குளின்னு சொல்றாங்க, அவ்வளவுதான். விக்டோரியாவில் பல கரைகளில் அந்தக் கொடியை நடும் தன்னார்வலர்கள் கோடை ஆரம்பத்தில் சனி, ஞாயிறுதான் வருவாங்க. பணம் மிச்சமாகிற நாளில் கொடி இருக்காது, கொடி இருக்கிற நாளில் பணம் மிச்சமாகாது.

ஆகவே வர்ற சனிக்கிழமை லோர்ன். எனக்கு ஒரு ஷிப்ட் நட்டம், ரூமுக்கும் கூடுதல் காசு. ஈரோட்டுக்காரன் கணுக்கால் வரைக்கும்தான் இறங்குவானாம். அவன் பக்கத்திலேயே, கொடிக்குள்ளேயே நிற்கிறதா நானும் சொல்லியிருக்கேன். போயிட்டு வந்து படம் போடறேன் மக்கா.

லீவுக்குக் கிளம்புற மாணவக் கண்மணிகளே, இடத்தை எந்தப் போட்டோவைப் பார்த்து வேணும்னாலும் தேர்ந்தெடுங்க. கிழமையை மட்டும் கொடியைப் பார்த்து முடிவு பண்ணுங்க.