உஷார்! தெருவோரம் நிற்கும் உங்கள் பழைய கார்

பழைய கார் வைத்திருப்பவரா நீங்கள்? மேலே படிக்கும் முன் எழுந்து போய் வண்டியின் கதவுகளையும் டிக்கியையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். எல்லாம் பூட்டியிருக்கிறதா? சாவி குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறதா? கவர் போட்டு மூடியிருக்கிறேன் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கவர் எந்தக் குழந்தையையும் தடுக்காது. உள்ளே ஏறிவிட்ட குழந்தையை வெளியில் இருப்பவர்கள் கண்ணில் படாமல் மறைத்துவிடும்.

2022 ஜூன் மாதம் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே லெப்பைக் குடியிருப்பில் மூன்று குழந்தைகள், வீட்டருகே நிறுத்தியிருந்த காருக்குள் ஏறி விளையாடினார்கள். கதவு மூடிக்கொண்டது. திறந்து வெளியே வர முடியவில்லை. ஊரெல்லாம் தேடிக் கடைசியில் காருக்குள் பார்த்தபோது மூவரின் உயிரும் போய்விட்டிருந்தது. 2025 மே மாதம் ஆந்திராவில் விஜயநகரம் பக்கம் துவாரபூடி கிராமத்தில் அதேபோல நான்கு குழந்தைகள். செய்தியைப் படித்த அன்று எல்லோரும்தான் பதறினோம். பதறிய கையோடு போய் நம் வண்டியின் கதவைச் சோதித்தோமா?

வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் அரை மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட ஏறக்குறைய 18 டிகிரி செல்சியஸ் சூடு ஏறிவிடும். கண்ணாடியை விரல் அளவு இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தையின் உடம்போ பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடாகும்.

வேலை பாதியில் நிற்கும் பழைய வண்டியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். டிங்கரிங்குக்காகக் கதவின் உள் அட்டையைக் கழற்றியிருப்போம். உள்பக்கக் கைப்பிடி ஏதோ டப்பாவில் கிடக்கும். கண்ணாடி இறக்கும் ஹேண்டில் இருக்காது. வெளியிலிருந்து திறந்தால் திறக்கும், உள்ளேயிருந்து திறக்காது. நமக்கு அது பழகிப்போன சங்கதி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது எலிப்பொறி. டிக்கி அதைவிட மோசம். அமெரிக்காவில் 1998 கோடையில் மூன்றே வாரத்துக்குள் 11 குழந்தைகள் டிக்கிக்குள் மாட்டி இறந்த பிறகுதான், உள்ளேயிருந்து திறக்கும் பிடி ஒன்று கட்டாயம் வேண்டும் என்று அங்கே விதி வந்தது. 2001 செப்டம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. நம் அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு எதிலும் அப்படி ஒன்று கிடையாது. பூட்டு ரிப்பேரா? சரியாகும்வரை கைப்பிடிகளில் சங்கிலி கோத்துப் பூட்டு போடுங்கள். டிக்கி லாக்கைக் கழற்றிவிட்டு மூடியைக் கம்பியால் கட்டி வையுங்கள். அழகாக இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை.

சேரப்பணஞ்சேரிக்காரர்களிடம் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் வழியில் இருக்கும் ஊர் இது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் வந்தது. 2012-இல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை, 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று அடுத்தடுத்து வந்தன. அதே சாலையின் மறுமுனையில், வண்டலூர் பக்கம், 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள் தயாராயின. வண்டியோடு பிறந்து வளர்ந்த வட்டாரம். இங்கே ஒரு மெக்கானிக்குக்கோ லைன் இன்ஸ்பெக்டருக்கோ பழைய ஹெரால்டின் மேல் ஆசை வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஆசையை நிறுத்தி வைக்க இடம்? ஒரே காம்பவுண்டில் ஆறு, எட்டு என்று லைன் வீடுகள். அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குத் தெருதான் மைதானம், மூலையில் நிற்கும் உங்கள் கார்தான் விளையாட்டுச் சாமான். வீட்டில் பெரியவர்கள் இல்லாத அந்த நேரத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அடுத்த ஆபத்து பெட்ரோல். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2025-இலிருந்து நாடு முழுக்க இதுதான் வழக்கமாகிவிட்டது. பழைய வண்டிகளின் ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் வாஷர், மெக்கானிக்கல் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் எல்லாம் பெட்ரோலில் எத்தனால் கலக்காத காலத்தில் செய்தவை. எத்தனால் பட்டால் ரப்பர் ஊதும், இளகும், பிறகு காய்ந்து வெடிக்கும். கிளிப் மாட்டிய இடத்தில் மெல்லக் கசியத் தொடங்கும். அந்தக் கசிவு முதலில் உங்களுக்குத் தெரியாது. பகலெல்லாம் கிரீஸிலும் ஆயிலிலும் புழங்கும் மூக்கு பழகிப்போயிருக்கும். பக்கத்து வீட்டு அக்காவுக்குத்தான் தெரியும். “தம்பி, காலையில பெட்ரோல் வாடை வருதுப்பா” என்று அவர் வந்து சொன்னால், “பழைய வண்டின்னா அப்படித்தான்க்கா” என்று தயவுசெய்து பதில் சொல்லாதீர்கள். அவர் புகார் சொல்ல வரவில்லை, உங்கள் உயிரையும் சேர்த்துக் காப்பாற்ற வந்திருக்கிறார். அந்த நிமிஷமே டார்ச் அடித்து அடியில் குனிந்து பாருங்கள். தீக்குச்சியோ லைட்டரோ கூடவே கூடாது.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழும், கதவுக்கு அடியில் நுழையும். பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக் குளிரிலேயே பற்றிக்கொள்ளும் சரக்கு இது. சேரப்பணஞ்சேரி வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். லைன் வீட்டில் உங்கள் காரிலிருந்து அடுத்தவர் வீட்டு கேஸ் அடுப்புக்கு எத்தனை அடி தூரம் என்று ஒருமுறை அளந்து பாருங்கள்.

ராத்திரி வண்டியை நிறுத்தியதும் எஞ்சினுக்குக் கீழேயும் டாங்க்குக்குக் கீழேயும் பழைய அட்டை ஒன்றைப் போட்டு வையுங்கள். எங்கே சொட்டுகிறது என்று காலையில் அட்டையே காட்டிக்கொடுக்கும். ஹோஸை மாற்றும்போது எத்தனால் தாங்கும் ரகம் என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் தரும் ஏதோ ஒரு கறுப்பு டியூப் போதாது. பம்பின் டயாஃப்ரமையும் கூடவே மாற்றிவிடுங்கள். அது கிழிந்தால் சில வண்டிகளில் பெட்ரோல் நேரே எஞ்சின் ஆயிலில் போய்க் கலக்கும். ஸ்பேர் பெட்ரோல் வைத்திருப்பவர்களுக்குச் சட்டமும் ஒன்று சொல்கிறது. 1934-ஆம் வருடத்துப் பெட்ரோலியம் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ள அனுமதி 30 லிட்டர் வரைதான். அதுவும் இறுக்கி மூடிய பாத்திரத்தில். உலோக கேன் என்றால் ஒன்று 25 லிட்டரைத் தாண்டக்கூடாது, கண்ணாடி ஜாடி என்றால் ஒரு லிட்டர். வாட்டர் கேனில் ஊற்றி மாடிப்படிக்கு அடியில் வைப்பவர்களைப் பார்த்தால் பகீர் என்கிறது. தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ தண்ணீரோடு மிதந்து தெருவுக்கு ஓடும். சிலிண்டரை எப்படிப் பிடிப்பது என்று இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் காட்டிக்கொடுங்கள். 101, 112 இரண்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இனி சத்தம். சண்டை முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2000-ஆம் வருட ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு வரை. விதியைப் படித்துவிட்டு, ஞாயிறு காலை பத்து மணிக்குச் சோக்கை இழுத்து ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலேட்டரை அழுத்தி அழுத்திக் கார்புரேட்டர் ட்யூனிங் பார்க்கிறீர்கள். தவறென்று யார் சொல்ல முடியும்? ஆனால் ஒரகடம் வட்டாரத்தில் காலை பத்து மணி எல்லோருக்கும் பகல் இல்லை. நைட் ஷிப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கிய பையன், இரண்டு இட்லியைப் போட்டுக்கொண்டு அப்போதுதான் கண்ணை மூடியிருப்பான். ஒரு அறையில் நாலு பேர், ஆளுக்கொரு ஷிப்ட். அவர்கள் அன்றிரவே மறுபடி பிரஸ் ஷாப்பிலும் வெல்டிங் லைனிலும் நிற்க வேண்டும். தூக்கம் கெட்ட கண்ணோடு பிரஸ் முன்னால் நிற்பவனுக்குக் கை விரல் போகிற அபாயம். அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி உங்கள் சைலன்சராக இருக்க வேண்டாம்.

ஆகவே கடிகாரத்தைப் பார்த்து வேலையைத் தொடங்காதீர்கள், தெருவைக் கேட்டுத் தொடங்குங்கள். இந்த வாரம் யார் யார் நைட் ஷிப்ட்? ஷிப்ட் மாறும் வாரம் எது? பெரும்பாலும் மாலை நாலிலிருந்து ஆறுக்குள் எல்லோரும் விழித்திருக்கும் நேரம் கிடைக்கும். கிரைண்டர், சுத்தியல், எஞ்சின் எல்லாவற்றையும் அதற்குள் அடக்குங்கள். வயரிங், சீட், பாலிஷ் போன்ற சத்தமில்லாத வேலைகளை மற்ற நேரத்துக்கு வையுங்கள். ஓட்டை விழுந்த சைலன்சரை ‘கெத்து’ என்று விட்டுவைப்பவர்கள் முதலில் அதை வெல்டிங் வையுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். பழைய கார்புரேட்டர் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடு தாராளம். அதற்கு வாடையும் கிடையாது.

பெயிண்ட் விஷயத்தில் மட்டும் சமரசமே வேண்டாம். ஹார்டனர் கலந்து அடிக்கும் ‘டூ-கே’ பெயிண்டில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே பண்ணும்போது அது மூச்சில் போனால் நல்ல நுரையீரலுக்கே ஆஸ்துமாவை வரவழைக்கும். சாதாரணத் துணி மாஸ்க் எதையும் தடுக்காது. பக்கத்து மொட்டை மாடியில் துணி காயும், கீழே பாட்டி உட்கார்ந்திருப்பார். அந்த வேலைக்குப் பூத் உள்ள பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோங்கள். பழைய பிரேக் ஷூவைக் கழற்றும்போது கம்ப்ரஸர் காற்றால் தூசியை ஊதுவதையும் இன்றோடு நிறுத்துங்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்துப் பைக்குள் கட்டிப் போடுங்கள்.

மழைக்காலம் வந்தால் கொசு. கவரின் பள்ளத்தில், ஓரமாய்க் கிடக்கும் டயரில், கழற்றி வைத்த ஹெட்லைட் கிண்ணத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் நின்றால் போதும், ஏழிலிருந்து பத்து நாளில் டெங்கு கொசு பறக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். ஆகவே கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். உபயோகமில்லாத டயரைக் காயலான் கடைக்குப் போடுங்கள். எஞ்சின் ஆயிலைச் சாக்கடையில் விடாதீர்கள். இந்தப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் அடையாற்றுக்குப் போகிறது, வழியெல்லாம் கிணறும் போர்வெல்லும்.

இதையெல்லாம் அலட்சியம் செய்தால் என்ன ஆகும்? வண்டி போய்விடும். மோட்டார் வாகனச் சட்டம் 127-ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் பத்து மணி நேரம் ஆளில்லாமல் விட்ட வண்டியை இழுத்துப் போக சீருடையில் இருக்கும் காவல் அதிகாரி அனுமதி தரலாம். பத்து நாள் என்று தவறாகப் படித்துவிடாதீர்கள், பத்து மணி நேரம்தான். “நாலு வருஷமா இங்கதான் நிக்குது” என்று நாம் சொல்வது அங்கே நமக்கு எதிரான சாட்சி. அதுபோக, பொதுத்தொல்லை என்று யாராவது மனு கொடுத்தால் கோட்டாட்சியர் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவில் அகற்றச் சொல்லி உத்தரவு போட முடியும். ஜப்பானில் 1962 முதலே வண்டியை நிறுத்த இடம் இருப்பதாகச் சான்று காட்ட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதால்தான் தெரு நிரம்பி வழிகிறது.

பக்கத்து வீட்டுக்காரர் கோபத்தில் “பதினஞ்சு வருஷம் தாண்டிடுச்சு, ஸ்கிராப்புக்குத்தான் போகணும்” என்றால் பயப்படாதீர்கள். வயதைக் காட்டி வண்டியை ஓரங்கட்டும் தடை டெல்லி வட்டாரத்துச் சங்கதி, தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் பதிவைப் புதுப்பித்து, பசுமை வரி கட்டி, இன்சூரன்ஸை உயிரோடு வைத்திருக்க வேண்டும். 50 வருடம் தாண்டி, அசல் வடிவிலேயே இருக்கும் வண்டி என்றால் 2021 ஜூலையில் வந்த விதிப்படி ‘விண்டேஜ்’ பதிவு வாங்கலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. பேரணி, கண்காட்சி, பெட்ரோல் போட, பராமரிப்பு என்று போய்வர மட்டும்தான். 1961-இன் ஹெரால்டுக்கு இது பொருந்தும், தொண்ணூறுகளின் பத்மினிக்குப் பொருந்தாது. காகிதம் சரியாக இருக்கும் வண்டியைக் ‘குப்பை’ என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. காற்றில்லாத டயரோடு, காலாவதியான இன்சூரன்ஸோடு நின்றால் எழுதிக் கொடுப்பார்கள், நியாயமும் அவர்கள் பக்கம் இருக்கும்.

இந்த வாரத்துக்குள் தெருவில் நாலு வீட்டுக் கதவைத் தட்டிப் பேசுங்கள். வண்டி என்ன, எப்போது முடியும், எந்த நேரத்தில் சத்தம் வரும் என்று சொல்லி உங்கள் நம்பரைக் கொடுங்கள். தமிழ் தெரியாத ஒடிசா, பீகார் பையன்கள் தங்கும் அறையை விட்டுவிடாதீர்கள். அவர்கள் புகார் சொல்ல மாட்டார்கள், தூங்காமல் வேலைக்குப் போவார்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஞாயிறு மாலை நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும் சீட்டில் உட்கார்ந்து ஹார்ன் அடிக்கலாம் என்று சொல்லுங்கள். கதவை எப்படித் திறப்பது, மாட்டிக்கொண்டால் ஹார்னை எப்படி விடாமல் அழுத்துவது என்று அவர்கள் கையாலேயே செய்ய வையுங்கள். பாட்டரி கழற்றிய வண்டியில் ஹார்ன் அடிக்காது என்பதையும் அவர்களின் அப்பா அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஒரு பிள்ளையைக் காணோம் என்று தெருவில் குரல் கேட்டால், கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்க்க ஓடும் அதே நேரத்தில் இன்னொருவர் சாவியோடு உங்கள் காருக்கு ஓட வேண்டும். அந்த ஸ்பேர் சாவி யார் வீட்டில் இருக்கப்போகிறது என்பதை இன்றைக்கே முடிவு செய்யுங்கள்.