பித்தான் போடத் தடுமாறும் விரல்கள்

நேற்று வரை சட்டைப் பித்தானை நொடியில் போட்டவர், இன்று தடவிக்கொண்டு நிற்கிறார். சோற்றைப் பிசைந்து எடுத்தால் பாதி இலையிலேயே விழுகிறது. கையெழுத்து கோணுகிறது. இருட்டில் நடந்தால் கால் பின்னுகிறது.

"வயதாகிறது அல்லவா?" என்கிறார்கள் வீட்டார். "சர்க்கரை வியாதியாக இருக்கும்" என்கிறார் ஒருவர். "நரம்புத் தளர்ச்சி" என்று லேகியம் வாங்கி வருகிறார் இன்னொருவர்.

கழுத்தை யாரும் நினைப்பதில்லை. பலருக்குக் கழுத்து வலிப்பதே இல்லையே!

சுண்டுவிரல் பருமன்

நம் கழுத்தில் 7 எலும்புகள் இருக்கின்றன. (ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே 7தான்!) அவற்றின் நடுவே உள்ள துவாரத்தின் வழியாக, மூளையிலிருந்து தண்டுவடம் இறங்குகிறது. ஏறக்குறைய சுண்டுவிரல் பருமன். கைக்கும் காலுக்கும் மூளை இடும் கட்டளைகள் இந்த வழியாகத்தான் போக வேண்டும்.

எலும்புகளுக்கு இடையே மெத்தை போல ஜவ்வு வில்லைகள் உண்டு. வயது ஏற ஏற அவற்றின் ஈரம் வற்றுகிறது. வில்லை பிதுங்குகிறது. எலும்பின் ஓரத்தில் முள் போலப் புது எலும்பு வளருகிறது. எலும்பைக் கட்டும் நார் தடிக்கிறது. துவாரம் குறுகுகிறது. தண்டுவடம் நசுங்குகிறது. பிறவியிலேயே துவாரம் குறுகலாக உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம்.

தேய்மானம் 60 வயதில் பெரும்பாலோருக்கு உண்டு. எல்லோருக்கும் தண்டுவடம் நசுங்கிவிடாது. எக்ஸ்ரேயில் "தேய்மானம்" என்று எழுதியிருப்பதைக் கண்டு கலங்க வேண்டாம். விரல் தடுமாறினால்தான் கவனம் தேவை.

ஜப்பானியர் வைத்த பரீட்சை

நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அறிய, ஜப்பானிய எலும்பு மருத்துவ சங்கம் 1975-ல் ஒரு மதிப்பெண் முறை வகுத்தது. மொத்தம் 17 மதிப்பெண். அதில் ஒரு கேள்வி: குச்சிகளால் சாப்பிட முடிகிறதா? நம் ஊரில் கேட்பதானால், சோறு பிசைந்து உண்ண முடிகிறதா என்று கேட்க வேண்டும்!

இன்னொரு பரீட்சை இன்னும் எளிது. 10 விநாடியில் எத்தனை தடவை கையை மூடித் திறக்க முடிகிறது? நல்ல கை 20 தடவை செய்யும். நோய்ப்பட்ட கை திணறும். சிலருக்குத் தலையைக் குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வது போல் இருக்கும். எம்.ஆர்.ஐ. படம் எடுத்தால் நசுங்கிய இடம் தெரிந்துவிடும்.

ஆனால் அந்தப் படம் எடுக்கத்தான் தாமதமாகிறது. நோய் இன்னதென்று கண்டுபிடிக்கச் சராசரியாக 2 ஆண்டுகளுக்கு மேல் ஆனதாக, 2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி சொல்லுகிறது. அதற்குள் செத்துப்போன நரம்பு மீண்டும் உயிர் பெறுவது அரிது. நோய் மேலும் கெடாமல் தடுக்கவே ஆபரேஷன். சீக்கிரம் செய்துகொண்டவர்கள் நன்றாகத் தேறுவதும் உண்டு.

1977-ல் ஜப்பானிய டாக்டர் ஹிராபயாஷி ஒரு புது வழி கண்டார். கழுத்தெலும்பின் பின்சுவரை வெட்டி எறியாமல், ஒரு பக்கத்தைக் கீல் போல் விட்டு, மறுபக்கத்தைக் கதவு போல் திறந்து வைத்தார். நெருக்கத்தில் கிடந்த தண்டுவடத்துக்கு இடம் கிடைத்தது!

சலூனில் முடி வெட்டியதும் தலையைப் பிடித்துப் "படக்" என்று திருப்பி நெட்டி எடுப்பார்கள். சுகமாகத்தான் இருக்கும். தண்டுவடம் நசுங்கியிருப்பவருக்கோ, அந்த ஒரு திருகலே கை காலை முடக்கிவிடலாம். சுளுக்கு எடுப்பவரிடம் கழுத்தைக் கொடுப்பதும் அப்படியே.

டாக்டரிடம் போனால் வலியை மட்டும் சொல்லாமல், பித்தான் போட முடியாததையும் சொல்லுங்கள். கை கால் தடுமாற்றத்தோடு சிறுநீரும் அடங்காமல் போனால், அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.