வீணாகாத மஞ்சள் கரு

 

வளைகுடா நாடுகளில் நம் பிள்ளைகளுடன் பிலிப்பைன்ஸ் நாட்டவர் பலரும் பணிபுரிகின்றனர். அவர்கள் விரும்பிச் செய்யும் 'யேமா கேக்' பற்றிய பேச்சு நம் இல்லங்களுக்கும் வந்துவிட்டது. "இதை நாம் உண்ணலாமா?" என்று மாணவி ஒருத்தியின் தாயார் என்னிடம் வினவினார்.

மார்க்கம் விலக்காத உணவு அடிப்படையில் ஆகுமானதே என்பது சட்ட அறிஞர்களின் விதி. எனவே, அந்நியப் பெயரைக் கேட்டு ஒதுக்கவும் வேண்டாம். ஆராயாமல் உண்ணவும் வேண்டாம்.

'யேமா' என்பது மஞ்சள் கருவைக் குறிக்கும் ஸ்பானியச் சொல். 1565 முதல் 1898 வரை பிலிப்பைன்ஸ் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. அந்நாளில் எழுந்த தேவாலயங்களின் சுண்ணச் சாந்தில் வெண்கருவைக் கலந்தனர் என்றும், எஞ்சிய மஞ்சள் கருவை வீணாக்க மனமின்றிப் பெண்கள் சர்க்கரையிட்டுக் கிளறி இனிப்பாக்கினர் என்றும் அங்கே வழிவழியாகக் கூறுவர். பின்னர் அமெரிக்கர் ஆட்சியில் டப்பாப் பால் பரவியதால், இன்று பெரும்பாலும் அதிலேயே யேமா கிளறப்படுகிறது. வட்டலப்பத்துக்கு முட்டை அடித்துப் பழகிய நம் கைகளுக்கு இது கடினமன்று.

தேவையானவை: முட்டை 6, மைதா 150 கிராம், சர்க்கரை 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, எண்ணெய் 75 மில்லி, பால் 100 மில்லி, உப்பு ஒரு சிட்டிகை. யேமாவுக்கு: இனிப்பு டப்பாப் பால் 400 கிராம், பால் அரைக் கோப்பை, வெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி. மேலே தூவத் துருவிய சீஸ்.

முட்டைகளை உடைத்து இரு கருக்களையும் பிரித்துக்கொள்ளுங்கள். மூன்று மஞ்சள் கருக்களுடன் எண்ணெய், பால், பாதிச் சர்க்கரை சேர்த்துக் கலக்கி, சலித்த மைதா, உப்பு, பேக்கிங் பவுடரை இடுங்கள். ஆறு வெண்கருக்களையும் சில துளி எலுமிச்சைச் சாற்றுடன் நுரைக்க அடித்து, மீதிச் சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, நுரை கெட்டியாக நிற்கும்வரை அடியுங்கள். பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை இருந்தால் நுரை எழாது. நுரையை மாவுடன் மென்மையாகக் கலந்து, 9 அங்குல அகலமும் 3 அங்குல ஆழமும் உள்ள தட்டில் ஊற்றுங்கள். அடியில் மட்டும் காகிதம் இடுங்கள். பக்கங்களில் நெய் தடவினால் கேக் பற்றி மேலேறாது. ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் சுமார் 45 நிமிடம் வேகட்டும். குத்திய குச்சியில் மாவு ஒட்டாவிட்டால் எடுத்து, தட்டைத் தலைகீழாக வைத்து ஆறவிடுங்கள்.

மீதி மூன்று மஞ்சள் கருக்களை டப்பாப் பாலுடனும் பாலுடனும் அடுப்பில் ஏற்றுமுன்பே கலந்துவிடுங்கள். சூட்டில் சேர்த்தால் திரிந்துவிடும். இளந்தீயில் கைவிடாது கிளறி, கரண்டியின் பின்புறம் திட்டமாகப் படியும்போது வெண்ணெய் சேர்த்து இறக்குங்கள். ஆறியதும் கேக் முழுதும் பூசி, சீஸைத் தூவுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். சில சீஸ் வகைகளில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேரும். பச்சைப் புள்ளியிட்டதையே வாங்குங்கள். வெனிலா எசென்ஸ் சிலவற்றில் ஆல்கஹால் உண்டு. அதற்குப் பதில் ஏலப்பொடி போதும். அந்நாட்டுப் பழைய பலகாரங்கள் சிலவற்றில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. கடையில் வாங்குவோர் கேட்டறிந்தே வாங்க வேண்டும்.

சகோதரிகளே! இந்த அளவில் செய்தால் ஆறு முட்டைகளில் ஒரு சொட்டும் மிஞ்சாது. வீண்விரயம் கூடாதென்று நமக்குக் கட்டளை உண்டு. ஆனால் விருந்து நாள்களில் நம் சமையலறைகளில் எவ்வளவு வீணாகிறது! அண்டை வீட்டுக்கும் ஒரு துண்டு அனுப்புங்கள். இறைவன் நம் உணவில் பரக்கத் செய்வானாக!