முடிந்தால் நியாயம் தேடு!

நியூயார்க் நகரிலே எம் 103 என்று ஒரு பஸ் ஓடுகிறது. நகர மண்டபத்தின் அருகே புறப்படுகிறது. பவரி என்னும் பழைய வீதி வழியே போகிறது. மூன்றாம் அவென்யூ என்ற நீண்ட சாலையைப் பிடித்து வடக்கே ஹார்லெம் பக்கம் வரை செல்கிறது. வேலைக்குப் போகிறவன் ஏறுகிறான். வேலை முடிந்தவன் இறங்குகிறான். வெள்ளையர் பக்கத்திலே கறுப்பர் அமர்கிறார். கறுப்பர் ஓட்டுகிறார், வெள்ளையர் பயணம் செய்கிறார். ஏன் ஏறினாய் என்று எவரும் எவரையும் கேட்பதில்லை.

"இதிலே என்ன அதிசயம்? பஸ் என்றால் அப்படித்தானே!" என்பீர்கள், தோழர்களே. அப்படித்தான் என்று ஆனது எப்படி? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வண்டியின் கதை. தண்டவாளத்தின்மீது குதிரை இழுக்கும் டிராம், உலகிலேயே முதலாவதாக நகர வீதியில் ஓடியது அந்த நியூயார்க்கில்தான், ஆண்டு 1832. மூன்றாம் அவென்யூ பாதை 1853இல் பிறந்தது. நாற்பது ஆண்டுகள் குதிரை இழுத்தது. 1893இல் குதிரையை அவிழ்த்துவிட்டார்கள். தரைக்கடியில் ஓயாமல் ஓடும் இரும்பு வடத்தைப் பற்றிக்கொண்டு வண்டி நகர்ந்தது. ஆறே ஆண்டில், 1899இல், வடம் போய் மின்சாரம் வந்தது. 1947இல் மின்சார டிராமும் போயிற்று, பஸ் வந்தது. அந்தக் கம்பெனி கழித்துவிட்ட டிராம் வண்டிகளில் 42, போரிலே சிதைந்துகிடந்த வியன்னா நகருக்குக் கப்பலேறிப் போய் அங்கே ஓடின. 1960இல் மூன்றாம் அவென்யூ ஒருவழிப் பாதையாயிற்று. வடக்கே போகும் பஸ் அதிலே போக, தெற்கே திரும்பும் பஸ் லெக்சிங்டன் அவென்யூ வழியே வரலாயிற்று. 1962இல் கம்பெனி ஆட்களை வேலையைவிட்டு நீக்க, தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய, நகர ஆட்சியே பஸ்களைத் தன் வசம் எடுத்துக்கொண்டது.

குதிரை, வடம், மின்சாரம், எண்ணெய்! நான்கு கோலம் பூண்ட பாதை அது. கோலத்தை மாற்றியவை யந்திரங்கள். ஆனால், ஆசனத்திலே யார் அமரலாம் என்ற வழக்கத்தை மாற்றியது எந்த யந்திரம்? எந்த யந்திரமும் அல்ல. அதை முதலில் அசைத்தவர் ஓர் ஆசிரியை!

எலிசபெத் ஜென்னிங்ஸ் அவர் பெயர். கறுப்பினப் பெண்மணி. தந்தை தாமஸ் ஜென்னிங்ஸ் தையற்காரர். துணியை அழுக்கு நீக்கும் புதுமுறை ஒன்றைக் கண்டறிந்து, 1821இல் காப்புரிமை பெற்றவர். அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கறுப்பர் என்று வரலாறு அவரைக் குறித்து வைத்திருக்கிறது.

அந்த மாநிலத்திலே அடிமை முறை 1827லேயே ஒழிந்துவிட்டது. விலங்கு ஒடிந்தது, விலக்கு ஒழியவில்லை! கறுப்பர் ஏறலாம் என்று பலகை தொங்கும் வண்டி எப்போதாவது ஒன்று வரும். அது வரும்வரை நிற்க வேண்டும். மற்ற வண்டிகளில் ஏறலாமா? கண்டக்டர் மனம் வைத்தால், வெள்ளையர் எவரும் முகம் சுளிக்காவிட்டால், ஏறலாம். காசு ஒரே காசு. கௌரவம் மட்டும் இரண்டு விதம்!

1854ஆம் ஆண்டு ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை. தம் மாதா கோயிலிலே ஆர்கன் வாசிக்கும் பணி எலிசபெத் அம்மையாருக்கு. நேரமாகிவிட்டது. தோழி ஒருவருடன் பேர்ல் வீதி மூலையில் மூன்றாம் அவென்யூ டிராமில் ஏறினார். "உங்கள் ஆட்களுக்கான வண்டி பின்னால் வருகிறது, இறங்கு" என்றான் கண்டக்டர். பின்னால் வந்த வண்டியோ நிரம்பி வழிந்தது. பிறகு, யாராவது ஆட்சேபித்தால் இறங்கிவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டான். அம்மையார் பணியவில்லை. நான் இந்த நகரிலே பிறந்து வளர்ந்தவள், கோயிலுக்குப் போகிறவர்களை அவமதிக்க நீ யார் என்று கேட்டார்.

கண்டக்டர் பிடித்து இழுத்தான். அவர் ஜன்னல் சட்டத்தைப் பற்றிக்கொண்டார். கையைப் பிரித்தான், அவன் சட்டையையே பற்றிக்கொண்டார். டிரைவரும் சேர்ந்து இழுத்து வெளியே தள்ளினான். மீண்டும் ஏறினார்! கடைசியில் போலீஸ்காரன் வந்தான். நடந்ததென்ன என்று கேட்கவில்லை. தெருவிலே தள்ளினான். தள்ளிவிட்டு, முடிந்தால் நியாயம் தேடிக்கொள் என்று கேலியும் பேசினான்.

தேடினார், தோழர்களே! மறுநாளே கோயிலில் கூட்டம் கூடிற்று. அவர் எழுதிய கடிதம் ஏடுகளில் வெளிவந்தது. வழக்கு தொடுத்தார்கள். வாதாடியவர், அப்போதுதான் தொழிலில் இறங்கிய இளம் வக்கீல், செஸ்டர் ஆர்தர். 1881இல் அமெரிக்காவின் ஜனாதிபதி ஆனவர் அவர்தாம். 1855 பிப்ரவரியில் தீர்ப்பு. ஒழுங்காக நடந்துகொள்ளும் கறுப்பருக்கும் மற்றவர்க்குள்ள உரிமை உண்டு. ஆட்கள் செய்த செயலுக்குக் கம்பெனியே பொறுப்பு என்று நீதிபதி ராக்வெல் ஜூரிகளுக்கு எடுத்துரைத்தார். 225 டாலர் நஷ்டஈடு கிடைத்தது. மறுநாளே அந்தக் கம்பெனி தன் வண்டிகளில் கறுப்பரைத் தடுக்கக் கூடாதென்று உத்தரவிட்டது.

கை நீட்டியவன் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கூலிக்காரன் அவன். தானே ஆதிக்கத்துக்கு அஞ்சி ஓடிவந்த நாட்டவன், இன்னொரு ஏழையைக் காலால் மிதித்தான். மிதிக்கும் கால் கூலிக்காரனுடையது. மிதிக்கச் சொல்லும் விதி முதலாளியுடையது. நீதிமன்றம் விதியை வகுத்தவனிடமே நஷ்டஈடு வாங்கியது!

வெற்றி முழுமையானதா? இல்லை. மூன்றாம் அவென்யூவில் திறந்த கதவு ஆறாம் அவென்யூவில் மூடியே கிடந்தது. பாதிரியார் பென்னிங்டன் அந்தப் பாதையிலே வெளியேற்றப்பட்டார், வழக்காடித் தோற்றார். ஒரு பாதைக்கு ஒரு போராட்டம் என்று ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1863இல், கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து மூண்ட கலவரத்தில் கறுப்பர்கள் வேட்டையாடப்பட்டார்கள். அந்த நாட்களில் அம்மையார் தம் ஒரு வயது மகனை இழந்தார். வாகனங்களில் பாகுபாடு கூடாதென்று நியூயார்க் மாநிலம் சட்டம் செய்தது 1873இல்.

ஏறி அமரும் உரிமை வந்தது, ஓட்டும் உரிமை? அதற்கு 1941 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நகரின் வேறு இரண்டு பஸ் கம்பெனிகள் கறுப்பரை டிரைவராகச் சேர்க்க மறுத்தன. ஆடம் கிளேட்டன் பவல் தலைமையில் ஹார்லெம் மக்கள் அந்தப் பஸ்களில் ஏறாமல் நடந்தே போனார்கள். முடிவில் கம்பெனிகள் பணிந்தன. நூறு கறுப்பர்களை டிரைவர்களாகச் சேர்க்க ஒப்புக்கொண்டன. அந்த ஒப்பந்தத்தில் உடன்நின்ற போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் மைக் குவில். அவர் பிறந்தது எங்கே தெரியுமா? அயர்லாந்திலே! 1854இல் அயர்லாந்துக்காரன் கை தள்ளிவிட்டது. 1941இல் அயர்லாந்துக்காரர் கை ஒப்பந்தத்துக்குத் துணைநின்றது. இடையிலே வந்தது சங்கம்.

நியூயார்க் தீர்ப்புக்கு நூறாண்டு கழித்து, 1955இல், அலபாமா மாநிலத்து மாண்ட்கமரி நகரில் ரோசா பார்க்ஸ் அம்மையார் பஸ்ஸிலே எழ மறுத்தார். வண்டி அதற்குள் மோட்டாராகிவிட்டது. வழக்கம் மட்டும் குதிரைக் காலத்திலேயே நின்றது! 381 நாள் மக்கள் நடந்து வென்றார்கள். காலம் மாறினால் எல்லாம் தானே மாறும் என்று சொல்வோருக்கு இதுவே பதில்.

எலிசபெத் அம்மையார் 1895இல் தம் வீட்டிலேயே கறுப்பினக் குழந்தைகளுக்கு மழலைப் பள்ளி நடத்தினார்; 1901இல் மறைந்தார். 2007இல் பள்ளிப் பிள்ளைகள் முயற்சியால், அவர் அன்று ஏறிய இடத்துக்குச் சற்றுத் தொலைவில், பார்க் ரோ வீதியின் ஒரு மூலைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. எம் 103 பஸ் அந்தப் பக்கமாகத்தான் போகிறது. தள்ளிவிட்ட போலீஸ்காரனின் பெயரை ஊர் மறந்துவிட்டது. அவன் சொன்னபடி நியாயத்தைத் தேடியவரின் பெயர் தெரு முனையிலே நிற்கிறது.