கடல் கடந்து வந்த அம்மையார்

இத்தாலியரான வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்த்தொண்டு புரிந்தார். அவரைப் போலவே, பிறந்த மண்ணை விட்டு வந்து நம் மண்ணுக்கு உழைத்தவர் அயர்லாந்து நாட்டு மார்கரெட் கசின்ஸ் அம்மையார்.

அவர் பிறந்தது 1878ஆம் ஆண்டு. அந்நாளில் அயர்லாந்தும் நம் நாட்டைப் போல ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்நாட்டு மக்கள் தன்னாட்சி கோரிப் போராடினர். ஆனால், பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. நாடு விடுதலை பெற்றும் மக்களுள் பாதிப்பேர் உரிமையற்றிருப்பின், அவ்விடுதலை முழுமை உடையதாகுமோ? அம்மையார் 1908இல் தோழியருடன் வாக்குரிமைச் சங்கம் கண்டார். அதன்பொருட்டுச் சிறையும் புகுந்தார்.

1915இல் கணவருடன் இந்தியாவுக்கு வந்தார். 1917இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்ற முன்னின்றார். அவ்வாண்டு டிசம்பரில், அவர் முயற்சியால் மாதர் குழு ஒன்று இந்திய மந்திரி மாண்டேகுவைச் சென்னையில் கண்டு வாக்குரிமை வேண்டியது. 1921இல் சென்னைச் சட்டசபை அதற்கு இசைந்தது. எனினும், சொத்துத் தகுதி உடைய பெண்டிர் சிலரே அவ்வுரிமை பெற்றனர்.

1932இல் அடக்குமுறைச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதால் அம்மையார் வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். 1950இல் நம் அரசியலமைப்பு, வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை அளித்தது. அதனைக் கண்ட பின்னரே, 1954இல் அவர் மறைந்தார். உரிமைக்கு எல்லை இல்லை என்பதை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.